பாதி கேட்ட பாடம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்கு ஒரு மாடி இருந்தது. பாடங்களை அறிமுகம் செய்வதற்கு இரண்டு மாடிகள் இருந்தன. அறிமுகப் பிரிவு என்று அதற்குப் பெயர். ரிப்பன்களுக்குத் தனி அறை, கத்தரிக்கோல்களுக்குத் தனி அலமாரி, கத்தரிக்கோலை வைத்து நீட்டும் தட்டுக்கு ஒரு பொறுப்பாளர். எந்தப் படிப்பானாலும் முதலில் அறிமுக விழா நடக்கும். பிறகு அந்த விழாவைப் பற்றி ஒரு கருத்தரங்கு. அதன் பிறகு, படிப்பு நல்லபடியாக அறிமுகமானதற்குப் பாராட்டுக் கூட்டம். இதற்குள் பெரும்பாலும் ஆண்டு முடிந்துவிடும். படிப்பை நடத்தவே இல்லையே என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அடுத்த ஆண்டுக்குப் புதிதாக ஒன்றை அறிமுகம் செய்யும் அவசரத்தில் அதற்கெல்லாம் யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

இது தெரியாமல்தான் சில்லு சார் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

அது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. சேர்ந்த அன்று கேன்டீனில், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து, அதற்குள் இருந்த நகம் அளவு சில்லை எல்லாருக்கும் காட்டினார். கணினிக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுகிற செயலி, அதாவது பிராசசர், அது. அதில் ஓர் ஓரத்தைச் சுட்டி, "இந்த மூலையை நான் வரைஞ்சேன்" என்றார். பார்த்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வாழ்நாளில் பெரும்பகுதியை அவர் செயலி வரையும் ஒரு கம்பெனியில் கழித்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அன்று வரைந்தது என்ன, அது எப்படி வேலை செய்யும் என்று மனைவியிடம் சொல்லுவார். அந்த அம்மாள் தையல் மெஷினில் உட்கார்ந்து ஏதாவது ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருப்பார். இவர் ஒரு வாக்கியத்தை முடித்து இடைவெளி விடும்போதெல்லாம், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். இவர் அடுத்த வாக்கியத்துக்குப் போவார். ஒரு தடவை சந்தேகம் வந்து, "உனக்கு இதெல்லாம் புரியுதா?" என்று கேட்டார். "எனக்குப் புரிஞ்சா என்ன, புரியாட்டி என்ன? நீங்க நிறுத்தாம சொல்லுங்க" என்று பதில் வந்தது.

அந்த அம்மாள் போன பிறகும் பழக்கம் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் குளிர்சாதனப் பெட்டி உறுமும். தூரத்து நாட்டில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். இவர் ஆரம்பித்தால், "அப்பா, சுருக்கமா சொல்லுங்க, ஒரு மீட்டிங் இருக்கு" என்பான். சுருக்கினால் என்ன மிஞ்சும்? சில்லு சாருக்கு விஷயமே நீளத்தில்தான் இருந்தது.

அதனால்தான் செயலி வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு தொடங்கப்போகிறோம், ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் விண்ணப்பித்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு வகுப்பறை, அதில், ஒரு வாக்கியம் முடிந்ததும் அடுத்த வாக்கியம் என்ன என்று கேட்க விருப்பமுள்ள யாராவது ஒருவர். முதல் வகுப்பை மனசுக்குள் எத்தனையோ முறை நடத்திப் பார்த்தாயிற்று. சுவிட்சிலிருந்துதான் ஆரம்பிப்பதாக இருந்தார்.

ஆனால் முதலில் அறிமுக விழா வந்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. மாணவர்கள் இல்லை. அவர்களையும் கூப்பிட்டால் இடம் போதாது என்று, அலுவலக ஊழியர்களை மட்டும் கட்டாயமாக வரச் சொல்லியிருந்தார்கள். துணைவேந்தர் ரிப்பனை வெட்டினார். புகைப்படக்காரர் தவறவிட்டதால், பின்னால் தயாராக இருந்த இன்னொரு ரிப்பனையும் வெட்டினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"செயலிக்கும் எனக்கும் நீண்டகாலத் தொடர்பு உண்டு. என் மேசைமேல் இருக்கும் கணினிக்குள் ஒன்று இருப்பதாக நம்பத் தகுந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கணினியை நான் இதுவரை தொந்தரவு செய்ததில்லை" என்று ஆரம்பித்தார். கைதட்டல். "இந்தப் படிப்பை நான் படித்தவன் அல்லன். உண்மையைச் சொன்னால், எந்தப் படிப்பையும் நான் முழுதாகப் படித்ததில்லை. ஆயினும் துணைவேந்தராக உங்கள் முன் நிற்கிறேன். ஆகவே மாணவச் செல்வங்கள் ஒருபோதும் நம்பிக்கை இழக்கக் கூடாது!" பெரிய கைதட்டல். இல்லாத மாணவச் செல்வங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்து, மிச்சமிருந்த கொஞ்ச நேரம் சில்லு சாருக்குக் கிடைத்தது. கிடைத்ததே பெரிது என்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு டீக்கடை இருக்கு. தினமும் வர்ற ஒருத்தர் தெருமுனையில திரும்புறாரு. கடைக்காரர் அவர் வந்து கேக்குறவரைக்கும் காத்திருக்க மாட்டாரு. இவர் எப்பவும் டீதான் குடிப்பாருன்னு ஊகிச்சு, அங்க ஆளு வர்றப்பவே இங்க டீயை ஆத்த ஆரம்பிச்சிடுவாரு. ஆளு வந்து நிக்கிறதுக்கும் டீ ரெடியாகுறதுக்கும் சரியா இருக்கும். செயலியும் இதைத்தான் செய்யுது. 'இப்படின்னா இதைச் செய், இல்லைன்னா அதைச் செய்'னு ஒரு கட்டளை வந்தா, எதுன்னு தெரியுறவரைக்கும் அது சும்மா உக்காந்திருக்காது. முன்னாடி எப்படி நடந்துச்சோ அதை வச்சு ஊகிச்சு, மேல போயிட்டே இருக்கும். அதோட வேகமே இதுல இருந்துதான் வருது."

முன்வரிசையில் கண்ணை மூடியிருந்த துணைவேந்தர் கண்ணைத் திறந்தார்.

"ஆனா இதுல இன்னொரு பாதி இருக்கு" என்றார் சில்லு சார். அவர் வரைந்த மூலை அந்தப் பாதியில்தான் இருந்தது. குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. "ஒருநாள் அந்த ஆளு காபி கேட்டுட்டா..."

மைக் அணைந்தது. குழுப் படம் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. எல்லாரும் மேடைக்கு ஏறினார்கள். இடம் போதாததால், சில்லு சாரைக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார்கள். படத்துக்கு வெளியே நின்ற அவர் காதில், துணைவேந்தர் பக்கத்தில் இருந்த பதிவாளர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் விழுந்தது.

"காத்திருக்கிறதே இல்லையாம்மா! நாம என்னடான்னா ஒண்ணொண்ணுக்கும் காத்துக்கிட்டுக் கிடக்கோம்!"

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. பல்கலைக்கழகம் இனி ஊகமுறையில் இயங்கும். எதற்காகவும், யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

சில்லு சார் பதிவாளர் அம்மாவைப் பார்க்கப் போனார். எப்போதும் ஏதோ ஒரு முத்திரையை ஏதோ ஒரு தாளில் குத்திக்கொண்டிருக்கும் அம்மாள். மற்றபடி நல்ல மனுஷி.

"உக்காருங்க சார். எல்லாம் உங்க புண்ணியம். விசாரிச்சவங்க எப்படியும் சேருவாங்கன்னு ஊகிச்சோம், சேத்தாச்சு. சேந்தவங்க எப்படியும் வகுப்புக்கு வருவாங்க, வருகை போட்டாச்சு. வந்தவங்க எப்படியும் பாஸ் பண்ணுவாங்க. மார்க் போட்டுக்கிட்டு இருக்கோம்."

"ரொம்ப சந்தோஷம்மா. நான் எப்போ பாடம் நடத்தணும்?"

"நடத்திட்டீங்களே சார்."

"நானா?"

"முழுசா நடத்தி முடிச்சிட்டீங்க. மாணவர்கள் கருத்துகூட வந்திருக்கு."

"எந்த மாணவர்கள்மா?"

"ஊகிச்ச மாணவர்கள்தான். ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. ஒரே ஒரு குறைதான் சொல்லியிருக்காங்க." முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்ற தயக்கத்தோடு சொன்னார்: "கொஞ்சம் வேகமா போறீங்களாம் சார்."

சில்லு சார் எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம், வேகமாகத்தான் போயிருப்போமோ என்று ஒரு யோசனை அவரையறியாமல் ஓடியது.

அவருக்கு ஒதுக்கியிருந்த வகுப்பறை பாட மாடியின் கோடியில் இருந்தது. தினமும் போவார். பெஞ்சுகளைத் துடைப்பார். கரும்பலகையில் ஒரு சுவிட்சை வரைந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது தவறுதலாகவாவது நுழைந்துவிட மாட்டார்களா என்று கதவைத் திறந்தே வைத்திருப்பார். தாழ்வாரத்தில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டால் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பார். சத்தம் மாடிப்படி ஏறி அறிமுகப் பிரிவுக்குப் போய்விடும். மறுநாள் வந்து பார்த்தால் சுவிட்சை யாரோ அழித்திருப்பார்கள். மறுபடியும் வரைவார்.

ஊகமுறை அதோடு நிற்கவில்லை. தேர்வு முடிவுகள் வந்தன. வினாத்தாளை இன்னும் யாரும் தயாரிக்கவில்லை. பட்டங்கள் அச்சாகித் தபாலில் போயின. சிறந்த ஆசிரியர் விருது சில்லு சாருக்கு அறிவிக்கப்பட்டது. நடத்தாத பாடத்துக்கா என்று அவர் கேட்டபோது, "நீங்க நடத்தியிருந்தா நல்லாத்தான் நடத்தியிருப்பீங்கங்கிறதுல எங்க யாருக்கும் சந்தேகமே இல்ல" என்று துணைவேந்தர் தோளில் தட்டினார். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டாலும் சில்லு சார் மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"விருதாப்பா? சூப்பர். சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்டா. ஆனா அது எப்படின்னா..."

"நல்லதுப்பா. உடம்பைப் பாத்துக்கங்க."

விருது வாங்கியவர்கள் என்றைக்காவது ஓய்வு பெற்றுத்தானே ஆக வேண்டும் என்று ஊகித்து, அவருக்கு வழியனுப்பு விழாவும் நடந்தது. சில்லு சார் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். அவருடைய எளிமையைப் பற்றியும், அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தைப் பற்றியும் பலர் பேசினார்கள். கத்தரிக்கோல் தட்டின் பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த சில்லு சாரிடம், "தங்கமான மனுஷன் சார். உங்களுக்குத் தெரியுமா அவரை?" என்றார்.

"அவ்வளவா பழக்கம் இல்லைங்க" என்றார் சில்லு சார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பல்கலைக்கழகங்களை மேற்பார்வை பார்க்கும் மேலிடத்துக் குழு ஒன்று நேரில் வருவதாகச் செய்தி அனுப்பும்வரை. அவர்களுக்கு ஒரு வினோத ஆசை. புதிய படிப்பின் மாணவர்களை நேரில் பார்க்க வேண்டுமாம்.

துணைவேந்தர் அறைக்குச் சில்லு சாரை அவசரமாக அழைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். இவ்வளவு நாளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு இன்னொரு பாதி இருக்குன்னீங்களே சில்லு, அது என்ன?" என்றார் துணைவேந்தர்.

அந்தக் கேள்விக்காக அவர் எவ்வளவு நாள் காத்திருந்தார் என்பதை முகமே சொல்லிவிட்டது. சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வந்தவரு இன்னிக்குக் காபி கேட்டுட்டாரு. ஊகம் தப்பு. இப்போ கடைக்காரர் என்ன செய்யணும்? ஆத்துன டீயைச் சத்தமில்லாம ஊத்திடணும். டம்ளரைக் கழுவிடணும். டீயே போடாத மாதிரி நின்னு, 'காபியா சார், இதோ'ன்னு சொல்லணும். செயலியில இதைச் செய்யிற மூலையைத்தான் நான் வரைஞ்சேன். ஊகம் தப்புன்னு தெரிஞ்ச அந்தக் கணமே, அதை நம்பி செஞ்ச அத்தனையையும் துடைச்சிடும்."

"அத்தனையுமா?"

"அத்தனையும் சார்."

"தடயம்?"

"இருக்காது. அப்படி ஒண்ணு நடந்துச்சுங்கிறதே தெரியாது."

பதிவாளர் அம்மா குறித்துக்கொண்டார். துணைவேந்தர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். சில்லு சாருக்கு நெஞ்சு நிறைந்தது. இதுதானே வகுப்பு? கேட்கிறார்கள், குறிக்கிறார்கள், சந்தேகம் கேட்கிறார்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் மனைவியின் அந்த ஒற்றைச் சொல்லும் வந்துவிடும் போலிருந்தது.

"ஆனா இது நடக்கணும்னா ஒரு முக்கியமான விதி இருக்கு. ஊகம் சரின்னு உறுதியாகுறவரைக்கும் எதையும் வெளிய விட்டுடக் கூடாது. டீயை ஆத்தலாம். ஆனா ஆளு கேக்காம அவரு கையில குடுத்துடக் கூடாது. குடிச்சதுக்குப் பிறகு எப்படித் துடைக்க முடியும்?" என்று சொல்லி, பழக்கப்படி இடைவெளி விட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அறையில் யாரும் இல்லை. "தடயம் இருக்காது" என்றதுமே எல்லாரும் எழுந்து, துடைக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பல்கலைக்கழகம் பளிச்சென்று இருந்தது. விழாப் பதாகை இல்லை. குழுப் படம் மாட்டியிருந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். படிப்பின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. சில்லு சாரின் நாற்காலியைத் தேடினால், மேசையையும் காணோம்.

பதிவாளர் அம்மா தலை நிமிராமல் சொன்னார். "நீங்க இங்க வேலைக்கே சேரல சார்."

"இவ்வளவு நாள் வந்துக்கிட்டு இருந்தேனேம்மா."

"அது ஊகம் சார். தப்பாயிடுச்சு."

"அப்போ என்னை உங்களுக்கு..."

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார் அந்த அம்மாள். முத்திரை குத்தும் கை நின்றது. "முகம் வாடியிருக்கு. கேன்டீன்ல எதையாவது சாப்ட்டுட்டுப் போங்க சார்."

அவர் சாப்பிடவில்லை. வகுப்பறையில் வைத்திருந்த டஸ்டர் அவருடைய சொந்த டஸ்டர். அதை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கோடி அறைக்குப் போனார்.

பெஞ்சில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார்.

நடுத்தர வயது. கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடி. மடியில் சட்டம் போட்ட பட்டம் ஒன்றை, பஸ்ஸில் கைப்பையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நீங்கதான் இந்தப் படிப்புக்கு வாத்தியாரா?"

"இல்லைங்க. இருந்தேன்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில இருந்து இல்ல."

"என்ன சார் இது, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க! நான் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். கண்ணாடி தேய்க்கிற மெஷினு நின்னுபோச்சு. பாக்க வந்தவன் பிராசசர் போச்சுன்னான். பிராசசர்னா என்னப்பான்னு கேட்டா, அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மான்னுட்டான். எனக்கு ரோஷம் வந்துருச்சு. இங்க ஃபோன் போட்டு, பிராசசர்னா என்னன்னு கேட்டேன். லைன்லயே இருங்கன்னாங்க. பாட்டுப் போட்டாங்க. நான் வச்சிட்டேன். கொஞ்ச நாள்ல பட்டம் வந்துச்சு."

"மாட்டியிருந்தீங்களா?"

"பின்ன? முதல் வகுப்புன்னு போட்டிருக்கே! கடையில மாட்டுனேன். அன்னிலேர்ந்து தெருவுல உள்ளவங்க எல்லாம் செத்துப்போன ஃபோனைக் கொண்டாந்து என் முன்னாடி நீட்டுறாங்க. முதுநிலைப் படிப்பு படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்கங்கிறாங்க. நான் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு முழிக்கிறேன். இந்த லட்சணத்துல, இன்னிக்குக் காலையில ரெண்டு பேரு வந்து, அப்படி ஒரு பட்டமே இல்ல, கழட்டிக் குடுங்கன்னு நிக்கிறாங்க. ஊரே பாத்ததுக்கு அப்புறம் எங்க கழட்டுறது? அங்க போயே பேசிக்கிறேன்னு எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"நான் சொன்னேன்" என்றார் சில்லு சார் மெதுவாக. "கையில குடுத்துடக் கூடாதுன்னு சொன்னேன். யாரும் இல்ல."

"யாருகிட்ட சொன்னீங்களோ, அது உங்க பாடு. பட்டம் அவங்களுக்கு வேணும்னா வாங்கிக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி, நான் படிச்சது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். உக்காந்துதான் இருக்கேன். சொல்லுங்க."

"அது கொஞ்சம் நீளமா போகும்மா."

"கடையைப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

அப்போது கத்தரிக்கோல் தட்டின் பொறுப்பாளர் கதவருகே வந்து தலையை நீட்டினார். மேலிடத்துக் குழு வருவதற்குள் எல்லா அறையும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். முன்னால் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருப்பதையும், பலகை அருகே ஒருவர் நிற்பதையும் பார்த்தார்.

"இங்க வகுப்பு ஏதும் நடக்கலையே?"

"இல்லைங்க" என்றார் சில்லு சார்.

"மாணவர்கள்?"

"யாரும் இல்ல" என்றார் கண்ணாடிக் கடைக்கார அம்மாள்.

திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, கதவை வெளியே சாத்திக்கொண்டு போனார்.

நேற்று வரைந்த சுவிட்சை அழித்திருந்தார்கள். சில்லு சார் மறுபடியும் வரைந்தார்.

"இது ஒரு சுவிட்ச். நம்ம வீட்டுச் சுவிட்சை நம்ம விரலு போடும். செயலிக்குள்ள இருக்கிற சுவிட்சுக்கு விரல் கிடையாது. ஒரு சுவிட்சை இன்னொரு சுவிட்ச் போடும். அதை வேற ஒண்ணு போடும். இப்படிக் கோடிக்கணக்குல இருக்கு. ஒண்ணு எரியுறதைப் பாத்து ஒண்ணு எரியும், ஒண்ணு அணையுறதைப் பாத்து ஒண்ணு அணையும். தனியா எடுத்தா ஒண்ணுக்கும் எதுவும் தெரியாது. போடு, நிறுத்து, அவ்வளவுதான் தெரியும். ஆனா பக்கத்துல இருக்கிறது என்ன சொல்லுதுன்னு ஒவ்வொண்ணும் கவனிச்சுக்கிட்டே இருக்கு பாருங்க, அதுலதான் கணக்கு பிறக்குது."

வாக்கியம் முடிந்தது. பழக்கப்படி இடைவெளி விட்டார். விட்ட பிறகுதான் பயம் வந்தது. திரும்பிப் பார்க்கத் துணியாமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து, பட்டத்தின் மேல் கண்ணாடியில் பதிந்திருந்த விரல் ரேகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அப்புறம்?"